பெயர் தெரியாத புழுவை அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலையில் ஒரு புழுவைப் பார்த்துவிட்டு, அதை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்து, "இது என்ன புழு?" என்று கேட்பவர்கள் நிறைய பேர். நான் பதிலுக்கு முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தச் செடியில் இருந்தது? பல நேரம் "ஏதோ ஒரு செடி, கவனிக்கவில்லை" என்றுதான் பதில் வரும். அங்கேயே பாதித் துப்பு போய்விடுகிறது. பல வருடமாகப் புழுக்களைப் பார்த்தும் வளர்த்தும் வருவதில், திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

புழு ஒன்று கண்ணில் பட்டது. முதலில் என்ன செய்வது?

எடுக்காதீர்கள். இருக்கிற இடத்திலேயே வைத்துப் பாருங்கள். அது இலையின் மேல்பக்கம் இருக்கிறதா, அடிப்பக்கமா, தண்டிலா? தனியாக இருக்கிறதா, கூட்டமாகவா? இலையைச் சுருட்டி உள்ளே இருக்கிறதா? இலை எந்த விதத்தில் தின்னப்பட்டிருக்கிறது, ஓரத்திலிருந்தா, நடுவில் ஓட்டை ஓட்டையாகவா, பச்சையைச் சுரண்டி வெறும் சல்லடையாகவா? புழுவைக் கையில் எடுத்த அடுத்த நொடி இந்தத் தகவல் எல்லாம் தொலைந்துவிடும். அப்புறம் செடியை முழுதாக ஒரு படம், இலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம், பூவோ காயோ இருந்தால் அதுவும். புழுவின் படம் கடைசியில் எடுத்தால் போதும், பெரும்பாலான புழுக்கள் ஓடிவிடாது.

செடிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

செடிகள் சும்மா இருப்பதில்லை. தன்னைத் தின்ன வருகிறவர்களைத் தடுக்க ஒவ்வொரு தாவரக் குடும்பமும் தனக்கென்று வேதிப்பொருள் வைத்திருக்கிறது. எருக்கின் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்தில் அந்தக் காரமான நெடி. எலுமிச்சைக் குடும்பத்தில் வாசனை எண்ணெய். ஒரு நஞ்சைச் சமாளிக்கக் கற்றுக்கொண்ட புழு அந்தக் குடும்பத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எருக்கம் பாலைத் தாங்கும் புழுவை எலுமிச்சை இலையில் விட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிர, அந்த இலையில் வாய் வைக்காது. பால் எர்லிக், பீட்டர் ரேவன் என்ற இரு உயிரியலாளர்கள் 1964இல், எந்த வண்ணத்துப்பூச்சிக் கூட்டம் எந்தத் தாவரக் குடும்பத்தைத் தின்கிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்து, இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தியபடியே பரிணமித்தன என்று எழுதினார்கள்.

தாய்ப் பூச்சிக்கும் இது தெரியும். எலுமிச்சையைச் சுற்றும் அழகி வகை வண்ணத்துப்பூச்சியைக் கவனித்துப் பாருங்கள். இலையில் அமர்ந்து முன்னங்கால்களால் தட்டித் தட்டிப் பார்க்கும். அந்தக் கால்களில் சுவை அறியும் உறுப்புகள் உண்டு. தன் பிள்ளை தின்னக்கூடிய இலைதான் என்று உறுதியான பிறகுதான் முட்டை வைக்கும்.

அதனால் செடியின் பெயர் தெரிந்தாலே, ஆயிரக்கணக்கான புழுக்களின் பட்டியல் பத்துப் பதினைந்தாகச் சுருங்கிவிடுகிறது. மரியா சிபில்லா மேரியன் என்ற ஜெர்மானிய ஓவியர் 1679இல் புழுக்களைப் பற்றி வெளியிட்ட நூலில் ஒவ்வொரு புழுவையும் அது தின்னும் செடியோடு சேர்த்தே வரைந்தார். அழுக்கிலிருந்து புழு தானாகப் பிறக்கிறது என்று நம்பியவர்கள் இருந்த காலம் அது. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வருகிறது. இன்று நாம் படம் எடுக்க வேண்டிய முறையை அவர் அன்றே செய்துவிட்டார்.

செடியின் பெயரே எனக்குத் தெரியாதே?

குடும்பம் தெரிந்தால் போதும். ஒரு இலையைக் கிள்ளுங்கள். வெள்ளைப் பால் வந்து, இலைகள் எதிரெதிரே இருந்தால் எருக்கு, நந்தியாவட்டை வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கசக்கினால் எலுமிச்சை வாசனை, வெளிச்சத்தில் பிடித்தால் இலை முழுக்க ஊசிமுனைப் புள்ளிகள் என்றால் எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் குடும்பம். நெற்று நெற்றாகக் காய்த்தால் அவரைக் குடும்பம். புல் என்றால் புல். இவ்வளவு சொன்னாலே தெரிந்தவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

புழு செடியில் இல்லை, சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது என்ன செய்வது?

இது அடிக்கடி நடக்கும். நன்றாகத் தின்று முடித்த புழு, கூட்டுப்புழுவாக மாற இடம் தேடிச் செடியை விட்டு இறங்கி நடக்கும். சில புழுக்கள் மண்ணுக்குள் போகும், சில சுவரில் ஏறும். மேலே இருக்கும் மரத்திலிருந்து விழுந்தும் இருக்கலாம். ஆகவே கண்ட செடி வேறு, தின்ற செடி வேறாக இருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

அக்கம்பக்கத்துச் செடிகளைப் பாருங்கள். இலை கடிபட்டிருக்கிறதா? அடியில் புழுக்கை கிடக்கிறதா? புழுக்கை பச்சையாக ஈரமாக இருந்தால் புதியது, காய்ந்து கருத்திருந்தால் பழையது. பெரிய புழுவின் புழுக்கை மிளகு அளவு இருக்கும், உற்றுப் பார்த்தால் அதில் பள்ளமும் மேடுமாகக் கோடுகள் தெரியும். நான் பல பெரிய புழுக்களைக் கண்டுபிடித்தது தரையைப் பார்த்துத்தான். புழுக்கை விழுந்த இடத்துக்கு நேர் மேலே பொறுமையாக ஐந்து நிமிடம் பார்த்தால், கிளையோடு கிளையாக அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

புழு தின்கிறதா என்பதையும் பாருங்கள். சந்தேகமான இரண்டு மூன்று இலைகளை முன்னால் வையுங்கள். தின்றால் அது பலமான சாட்சி. தின்னாவிட்டால் எதுவும் உறுதியாகாது, ஏனென்றால் கூடு கட்டப் போகும் புழு எதையும் தின்னாது.

இது வண்ணத்துப்பூச்சி அல்லது அந்துப்பூச்சியின் புழுதானா, வேறு ஏதாவதா?

கால்களை எண்ணுங்கள். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி உண்மையான கால்கள், கூர்மையாக, கணுக்கணுவாக இருக்கும். அதற்குப் பின், இடைவெளி விட்டு, உடலின் நடுவில் சதைப்பற்றான போலிக்கால்கள், பெரும்பாலும் நான்கு ஜோடி. வால்முனையில் ஒரு ஜோடி. ஆக, போலிக்கால் ஐந்து ஜோடிக்கு மேல் இருப்பது மிக அரிது. அவற்றின் அடியில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. கிளையிலிருந்து புழுவைப் பிய்க்க முயன்றால் அது விடாப்பிடியாகப் பற்றிக்கொள்வது இந்தக் கொக்கிகளால்தான்.

போலிக்கால் ஆறு ஜோடிக்குக் குறையாமல், நெருக்கமாக வரிசையாக இருந்தால் அது ரம்ப ஈயின் புழு. பெயரில்தான் ஈ, உண்மையில் குளவிக்கு உறவு. கடுகு, முள்ளங்கியில் வரும் கரும்பச்சைப் புழு இந்த வகை. அதற்குப் போலிக்கால் எட்டு ஜோடி. போலிக்காலே இல்லாமல் முன்கால் மூன்று ஜோடி மட்டும் இருந்தால் வண்டின் புழுவாக இருக்கலாம். காலே இல்லாமல், அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே இருந்தால் பூ ஈயின் புழு, அசுவினியைத் தின்ன வந்திருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், செடிக்கு நல்லது.

எண்ணிக்கை குறைந்தும் இருக்கும். பின்பக்கம் இரண்டு ஜோடிப் போலிக்கால் மட்டும் வைத்துக்கொண்டு, உடலை வளைத்து வளைத்து முழம் போடுவது போல நடக்கும் புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது ஜியோமெட்ரிட் குடும்பத்து அந்துப்பூச்சி. பெயரின் பொருளே நிலத்தை அளப்பது. கொஞ்சம் குறைவாக வளைந்து நடப்பவை காவடிப்புழுக்கள், வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை.

தோற்றத்தில் எதைப் பார்க்க வேண்டும்? நிறமா?

நிறத்தைக் கடைசியில் வையுங்கள். பச்சைப் புழு என்று மட்டும் சொன்னால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. உடலில் என்ன முளைத்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

வால்பக்கம் ஒற்றைக் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பருந்து அந்துப்பூச்சி. அந்தக் கொம்பு கொட்டாது, வெறும் சதைதான். (மல்பெரி தின்னும் பட்டுப்புழுவுக்கும் ஒரு குட்டிக் கொம்பு உண்டு, அது வேறு குடும்பம்.) முதுகில் கறுப்பு நூல் போல மெல்லிய சதைக்கொம்புகள் ஜோடி ஜோடியாக இருந்தால் வரியன் கூட்டத்து வண்ணத்துப்பூச்சி. ஜோடிகளை எண்ணினால் இனத்துக்கே போய்விடலாம். எருக்கில் வரும் வெந்தய வரியனுக்கு மூன்று ஜோடி. வட அமெரிக்காவின் புகழ்பெற்ற மோனார்க் புழுவும் அதே போலக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடுதான் இருக்கும், ஆனால் அதற்கு இரண்டு ஜோடிதான்.

உடல் முழுக்கக் கிளைத்த முள் என்றால் வரியன்களின் பெரிய குடும்பத்தைச் சேர்ந்த வேறு வண்ணத்துப்பூச்சியாக இருக்கலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை கொட்டாது. மென்மையான ரோமம் அடர்ந்திருந்தால் அநேகமாக அந்துப்பூச்சி. சதைப்பற்றான மொட்டு மொட்டான புடைப்புகள் இருந்தால், ஆடுதீண்டாப்பாளையிலோ ஈஸ்வரமூலியிலோ பார்த்தீர்களா என்று யோசியுங்கள். அங்கே வரும் சிவப்புடல் அழகியின் புழு கருஞ்சிவப்பு உடலில் சிவந்த புடைப்புகளோடு இருக்கும். அதே கொடியில் அதே மாதிரி, ஆனால் உடலின் நடுவே ஒரு வெள்ளைப் பட்டையோடு இன்னொன்று இருந்தால் அது அதன் நெருங்கிய உறவு, ரோஜா அழகி.

செடி தெரிந்தால் போதாதா? ஒரு செடிக்கு ஒரு புழுதானே?

அப்படி இல்லை. செடி பட்டியலைச் சுருக்கித் தரும், தோற்றம்தான் தீர்ப்புச் சொல்லும். அரளியை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பழுப்பு உடலில் நான்கு ஜோடி நூல்கொம்புகள் இருந்தால் வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சி. தடித்த பச்சைப் புழு, கழுத்துப் பக்கம் நீலமும் வெள்ளையும் கலந்து கண் போல இரண்டு பெரிய பொட்டு, வாலில் குட்டையான கொம்பு என்றால் அரளிப் பருந்து அந்துப்பூச்சி. ஒரே கிளையில் இரண்டும் இருந்து பார்த்திருக்கிறேன், குழப்பிக்கொள்ளவே முடியாது.

ஆமணக்கில் இன்னும் கவனம் வேண்டும். பச்சை உடலில் கிளைத்த முள் இருந்தால் ஆமணக்கு வண்ணத்துப்பூச்சி. முள் இல்லாமல், வழவழவென்று, வளைந்து நடந்தால் காவடிப்புழு. இலையைச் சுரண்டிய கூட்டம் கூட்டமான குட்டிப் புழுக்கள் என்றால் புரோடீனியா என்ற அந்துப்பூச்சியின் புழு.

எல்லாச் செடியையும் தின்னும் புழுக்கள் உண்டா?

உண்டு, அவற்றிடம் செடி அவ்வளவாக உதவாது. இப்போது சொன்ன புரோடீனியா நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளைத் தின்னும். அதற்கு உடல் அடையாளம் பார்க்க வேண்டும்: முதுகின் இரு ஓரமும் கறுப்பு முக்கோணப் புள்ளிகள், முதுகில் மஞ்சள் கோடு. முட்டைகளைக் குவியலாக வைத்து, தாய் தன் உடல் ரோமத்தால் மூடியிருக்கும். பகலில் மண்ணில் ஒளிந்துகொண்டு இரவில் தின்பதால், இலை காணாமல் போகிறது, புழுவைக் காணோம் என்று நிறைய பேர் தவிக்கிறார்கள். டார்ச் எடுத்துக்கொண்டு இரவில் போய்ப் பாருங்கள்.

நேற்று ஒரு புழு, இன்று அதே இடத்தில் வேறு புழு. எப்படி?

அநேகமாக அதே புழுதான். புழு வளர வளரத் தோல் போதாது, உரித்துவிட்டுப் பெரிதாகும். பல இனங்களில் ஐந்து பருவம். ஒவ்வொரு தோலுரிப்பிலும் தோற்றம் மாறக்கூடும்.

எலுமிச்சையில் வரும் எலுமிச்சை அழகி இதற்கு நல்ல உதாரணம். முதல் நான்கு பருவமும் இலை நடுவில் அச்சு அசலாகப் பறவை எச்சம் போலவே கிடக்கும்: பழுப்பும் வெள்ளையும், மேலே ஈரப் பளபளப்பு. நான்காவது தோலை உரித்ததும் பச்சைக்கு மாறிவிடும், பக்கவாட்டில் சாய்ந்த பட்டைகள் தெரியும். மெதுவாக ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து, உள்ளே மடித்து வைத்திருந்த கவட்டைக் கொம்பு ஒன்று ஈரமாக வெளியே துருத்தும். கூடவே ஒரு புளித்த நெடி. இரண்டு நொடியில் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் கவட்டைக் கொம்பு அழகி குடும்பத்துப் புழுக்களுக்கே உரியது, அதைப் பார்த்துவிட்டால் குடும்பம் உறுதி. ஆனால் கறிவேப்பிலை அழகியும் இதே செடிகளில், கிட்டத்தட்ட இதே தோற்றத்தில் வரும். அந்த இரண்டையும் பிரிக்க, பூச்சி வெளிவரும் வரை காத்திருப்பதே நிம்மதி.

கடைசிப் பருவத்திலும் நிறம் மாறும். நந்தியாவட்டையில் நான் தினமும் பார்த்துவந்த அரளிப் பருந்துப் புழு ஒருநாள் காலையில் முதுகு கறுத்துக் கிடந்தது. நோய் வந்துவிட்டது என்று நினைத்து மனம் கஷ்டப்பட்டேன். அன்றே இறங்கிக் காய்ந்த சருகுக்கு அடியில் போய்விட்டது. மண் நிறத்தில் தரையில் நடக்க வசதியாக அந்த மாற்றம் என்பது அப்புறம்தான் புரிந்தது.

தொடலாமா? அரிக்குமா?

தெரியாத புழுவை வெறும் கையால் தொடாதீர்கள். ரோமப் புழு எல்லாம் நஞ்சு என்று சொல்ல முடியாது, ஆனால் எது என்று தெரியும் வரை விலகியிருங்கள். முருங்கை அடிமரத்தில் கூட்டமாக அப்பிக் கிடக்கும் கம்பளிப்புழுக்கள் பட்டால் கடுமையாக அரிக்கும். தென்னை, மா போன்றவற்றில் வரும், நத்தை போல வழுக்கிச் செல்லும் பச்சை நிற முட்புழுக்கள் சுரீரென்று கொட்டும். தென் அமெரிக்காவின் லோனோமியா புழுவின் முள் பட்டு, இரத்தம் உறையாமல் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், ரோமம் இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் ரோமம் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, வீக்கம் பரவினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ரோமப் புழு விட்டுப்போன கூட்டையும் கையால் பிய்க்க வேண்டாம், அதிலும் ரோமம் இருக்கும்.

புழுவின் முதுகில் வெள்ளை முட்டைகள் ஒட்டியிருக்கின்றன. அது குட்டி போடப் போகிறதா?

புழு முட்டையிடாது. அவை பெரும்பாலும் குட்டிக் குளவிகளின் கூடுகள். குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிட்டது, அதன் பிள்ளைகள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து பஞ்சுக்கூடு கட்டியிருக்கின்றன. அந்தப் புழு இனிப் பிழைக்காது. பார்க்க வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் அதைக் கலைக்காதீர்கள். தோட்டத்தில் புழுக்கள் பெருகாமல் வைத்திருப்பதில் இந்தக் குளவிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

புழுவைச் சுற்றி எறும்பு மொய்க்கிறது. விரட்டவா?

வேண்டாம். தட்டையாக, சப்பென்று ஒட்டிக் கிடக்கும் சிறிய புழு என்றால், அது நீலன் வகை வண்ணத்துப்பூச்சியாக இருக்கும். அதன் முதுகில் சுரக்கும் இனிப்பை எறும்பு நக்குகிறது, பதிலுக்குக் காவல் காக்கிறது. எறும்பே இங்கே ஒரு அடையாளக் குறி.

இதே குடும்பத்தில் ஒன்று இலையே தின்பதில்லை. மாவுப்பூச்சிகளுக்கு நடுவே, அவற்றின் வெள்ளைப் பொடியை மேலே பூசிக்கொண்டு, அவற்றையே தின்று வளரும். அதன் கூட்டுப்புழு குரங்கு முகம் போலவே இருக்கும். மாவுப்பூச்சி பிடித்த செடியைக் கழுவும் முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

வண்ணத்துப்பூச்சியா அந்துப்பூச்சியா என்று எப்படிச் சொல்வது?

ஒரே விதி கிடையாது. உலகில் பெயரிடப்பட்ட இந்த வகைப் பூச்சிகளில் பத்தில் ஒன்பது அந்துப்பூச்சிதான். அதனால் ஒன்றுமே தெரியாவிட்டால் அந்துப்பூச்சிப் பக்கம் தேடத் தொடங்குங்கள்.

படம் எடுத்துச் செயலியில் போட்டால் பெயர் வந்துவிடாதா?

ஓரளவு வரும். 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்றவற்றில் படத்தைப் போட்டால் கணினி ஒரு யோசனை சொல்லும், பிறகு மனிதர்கள் பார்த்துத் திருத்துவார்கள். வளர்ந்த புழுவுக்கு நன்றாக வேலை செய்கிறது, குட்டிப் புழுவுக்குத் தடுமாறுகிறது. கணினி சொன்ன இனம் நீங்கள் பார்த்த செடியைத் தின்னுமா என்று தேடிப் பாருங்கள். தின்னாது என்றால் சந்தேகப்படுங்கள்.

மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, தலை நெருக்கமாக ஒன்று. பக்கவாட்டுப் படம் மிக முக்கியம், கால்களும் சுவாசத் துளைகளும் ஓரக் கோடுகளும் அதில்தான் தெரியும். அளவு தெரிய ஒரு அளவுகோலை வையுங்கள். இடம், தேதி, செடி மூன்றையும் எழுதுங்கள்.

வளர்த்துப் பார்க்கலாமா?

நிச்சயமாக. இதைவிட உறுதியான வழி இல்லை. காற்றோட்டமான டப்பா, அடியில் காகிதம், எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியின் புது இலை தினமும். தண்ணீர் தனியாக வைக்க வேண்டாம், இலையின் ஈரம் போதும். கொப்பைத் தண்ணீரில் நிறுத்தினால் பாட்டில் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும். புழுக்கையைத் தினமும் தட்டிவிடுங்கள், தேங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். மருந்தடித்த செடியின் இலை கூடாது. தோலுரிக்கப் போகும் புழு ஒருநாள் முழுக்க அசையாமல் இருக்கும், அப்போது தொந்தரவு செய்யாதீர்கள்.

கொம்புள்ள புழு என்றால் அடியில் நான்கு விரல்கடை ஈரமண் போடுங்கள். கூட்டுப்புழுவிலிருந்து பூச்சி வெளிவர சில நாளும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம். ஏறி நின்று இறக்கை விரிக்க ஒரு குச்சி வையுங்கள். அது இல்லாமல் இறக்கை சுருங்கிப்போன பூச்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இவ்வளவு செய்தும் பெயர் கிடைக்கவில்லை. குறிப்பை என்ன செய்வது?

வைத்திருங்கள். புழுப் பருவமே பதிவாகாத அந்துப்பூச்சிகள் ஏராளம். கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டே காடுகளில் டேனியல் ஜான்சன், வினி ஹால்வாக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் புழுக்களை வளர்த்து, ஒவ்வொன்றும் எந்தச் செடியைத் தின்றது என்று எழுதிவைத்தார்கள். அதில் ஆஸ்ட்ராப்டஸ் ஃபல்ஜரேட்டர் என்ற ஒரே பெயரில் இருந்த வண்ணத்துப்பூச்சி அவர்களைக் குழப்பியது. வளர்ந்த பூச்சிகள் ஒன்று போலவே இருந்தன, ஆனால் புழுக்களின் நிறமும் வேறு, தின்ற செடியும் வேறு. 2004இல் மரபணுவைச் சோதித்துப் பார்த்து, அது பத்து இனங்கள் என்று வெளியிட்டார்கள். சரியான எண்ணிக்கை எது என்று பிறகு விவாதம் நடந்தது, ஒன்றுக்கு மேல் என்பதில் சந்தேகம் இல்லை. அந்தச் சோதனைக்கு வருடக்கணக்கில் முன்பே, எந்தப் புழு எந்த இலையைத் தின்றது என்ற வரி அவர்களுடைய குறிப்புகளில் இருந்தது.